மிகைநேர ஊதியமும் குடும்ப நேரமும்: சீத்தா கேம்ப் சரக்கு ஓட்டுநர்களின் வாழ்க்கைக் கணக்கு

ஊதியத்துக்கு உழைக்கும் எவருக்கும் ஒரு நாளில் கிடைப்பது 24 மணி நேரமே. அதில் ஒரு பகுதி வேலைக்கும், ஒரு பகுதி உறக்கத்துக்கும், எஞ்சியது குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் உரியது என்பதே 8 மணி நேர வேலைநாள் என்னும் கோட்பாட்டின் அடிப்படையாகும். ஆலைச் சங்கு ஊதியதும் வெளியேறும் தொழிலாளிக்கு இந்த எல்லை தெளிவாகத் தெரிகிறது. பண்டங்களைக் கிடங்கிலிருந்து கடைக்கும் வீட்டுக்கும் கொண்டு சேர்க்கும் ஓட்டுநருக்கோ அத்தகைய எல்லை இல்லை. கடைசிச் சரக்கு இறங்கிய பின்னரே அவருடைய நாள் முடிவடைகிறது.

இன்னும் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினால் கையில் சிறிது பணம் சேரும். அந்த இரண்டு மணி நேரத்தை வீட்டில் செலவிட்டால் பிள்ளைகள் விழித்திருக்கும்போதே அவர்களோடு இருக்கலாம். இவ்விரண்டில் எதைத் தேர்வது என்பது ஓட்டுநரின் தனிப்பட்ட விருப்பம் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால், ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை தரப்படுகிறது, எந்த நேரம் வேலை நேரமாக எண்ணப்படுகிறது என்னும் இரண்டு வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே அந்தத் தேர்வின் உண்மை நிலை புலப்படும். மும்பையில் தமிழர் பெருமளவில் வாழும் குடியிருப்புகளுள் ஒன்றான சீத்தா கேம்ப்பை முன்னிறுத்தி இப்பொருளை ஆராய்வது பயனுடையதாகும்.

குடியிருப்பின் பின்னணி

சீத்தா கேம்ப், மும்பையின் கிழக்குக் கரையில், டிராம்பேயை அடுத்து, கடற்கழியின் ஓரத்தில் அமைந்துள்ளது. பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு அருகே இருந்த ஜனதா காலனி மக்கள், நெருக்கடி நிலைக் காலத்தில், 1976ஆம் ஆண்டில் அங்கிருந்து அகற்றப்பட்டு இந்தச் சதுப்பு நிலத்தில் குடியேற்றப்பட்டனர். அந்த வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடியவர்களுள் முதன்மையானவர் கோலார் தங்கவயலில் பிறந்த ஜோக்கின் அற்புதம் ஆவார். தேசியக் குடிசைவாழ் மக்கள் கூட்டமைப்பை நிறுவிய அவருக்கு 2000ஆம் ஆண்டில் மகசேசே விருது வழங்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்களுடன், பிற மாநிலத்து மக்களும் இங்கு நெருங்கி வாழ்கின்றனர்.

சீத்தா கேம்ப் மாநகராட்சியின் எம் கிழக்கு வட்டத்தைச் சார்ந்தது. 2009ஆம் ஆண்டுக்கான மும்பை மனித வளர்ச்சி அறிக்கை, நகரின் வட்டங்களுள் மிகவும் பின்தங்கியதாக இவ்வட்டத்தையே குறிப்பிட்டது. ஆயினும் இதைச் சூழ்ந்துள்ள பகுதி தொழில்வளம் மிக்கது. 1950களில் எழுந்த இரு எண்ணெய்த் தூய்மிப்பு ஆலைகளும், டிராம்பே உரத் தொழிற்சாலையும் அருகிலேயே உள்ளன. கழியைக் கடந்தால் வாஷி மொத்தச் சந்தையும், அதற்கு அப்பால் 1989இல் இயங்கத் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு துறைமுகமும் இருக்கின்றன. சயான்–பன்வேல் நெடுஞ்சாலையும், 2013இல் திறக்கப்பட்ட கிழக்கு விரைவுச்சாலையும் இப்பகுதியை நகரத்தோடு இணைக்கின்றன. எனவே, வண்டி ஓட்டத் தெரிந்தவருக்கு இங்கு வேலை கிடைப்பது இயல்பே. கனரக வண்டிகளுக்குப் பகலில் பல சாலைகளில் கட்டுப்பாடு இருப்பதால், அந்த வேலையின் பெரும்பகுதி இரவிலும் விடியற்காலையிலும் நடைபெறுகிறது.

மூவகை ஓட்டுநர்கள்

சரக்கு சேர்ப்பிக்கும் ஓட்டுநர்களை மூன்று வகையினராகப் பிரிக்கலாம். முதல் வகையினர், நிறுவனத்திலோ பெரிய போக்குவரத்து முகவரிடமோ மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள். இரண்டாம் வகையினர், ஒன்றிரண்டு டெம்போக்களை வைத்திருக்கும் சிறு உரிமையாளரிடம் பணிபுரிபவர்கள். இவர்களுக்குச் சிறு சம்பளமும், டிரிப் ஒன்றுக்கு இவ்வளவு என்று பேட்டாவும் தரப்படும். மூன்றாம் வகையினர், கைப்பேசிச் செயலி வழியாக வரும் ஆணைகளை ஏற்று, சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ பொருள்களைச் சேர்ப்பிப்பவர்கள். இவர்களுக்கு மாதச் சம்பளம் இல்லை; சேர்ப்பித்த எண்ணிக்கைக்கு ஏற்பவே பணம் கிடைக்கும்.

இம்மூவரும் ஒரே தெருவில் வாழலாம். ஒரே நேரத்தில் வீடு திரும்பலாம். ஆனால், அவர்கள் கூடுதலாக உழைத்த ஒரு மணி நேரத்துக்குச் சட்டம் தரும் மதிப்பு ஒன்றல்ல.

எட்டு மணி நேரம் வந்த வழி

வேலைக்கு நேர வரம்பு வேண்டும் என்னும் கோரிக்கை மும்பைக்குப் புதியதன்று. நாராயண் மேகாஜி லோகண்டே தலைமையில் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் எழுப்பிய குரலின் பயனாக, 1890ஆம் ஆண்டில் ஞாயிறு வார விடுமுறை கிடைத்தது. 1919இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு நிறைவேற்றிய முதல் உடன்படிக்கையே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்னும் வரம்பைப் பற்றியதாகும். அதை இந்தியா 1921இல் ஏற்றுக்கொண்டது.

சாலைப் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கென 1961ஆம் ஆண்டில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பது அதன் பொது விதி. தொலைதூர வழித்தடங்களிலும், விழாக்காலம் போன்ற அறிவிக்கப்பட்ட வேளைகளிலும், உரிய அனுமதியுடன் இதை நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 54 மணி வரை நீட்டிக்கலாம். அவ்வாறு கூடுதலாக உழைத்த நேரத்துக்கு இருமடங்கு ஊதியம் வழங்க வேண்டும். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்காமல், இடையே அரை மணி ஓய்வு தர வேண்டும். ஒரு நாள் பணி முடிந்து மறுநாள் பணி தொடங்கும் வரை 9 மணி நேர இடைவெளி இருத்தல் வேண்டும். மிகைநேர வேலையை அன்றாட வழக்கமாக அன்றி, விதிவிலக்காகவே அச்சட்டம் கருதியது என்பது இவ்விதிகளால் விளங்கும்.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது, 1961ஆம் ஆண்டுச் சட்டம் பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிநிலைகள் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்பினுள் அடங்கியது. 8 மணி நேர வேலைநாள், வார விடுமுறை, மிகைநேர வேலைக்கு இருமடங்கு ஊதியம் ஆகியவை இத்தொகுப்பிலும் உள்ளன. தொழிலாளியின் இசைவு பெற்றே மிகைநேர வேலை வாங்க வேண்டும் என்பதும் இதில் இடம்பெற்றுள்ளது.

ஆனால், ஒரு முக்கியமான மாற்றம் கவனத்துக்குரியது. பழைய சட்டம் 5 தொழிலாளர் உள்ள போக்குவரத்து நிறுவனத்துக்கே பொருந்தியது. புதிய தொகுப்போ 10 தொழிலாளர் உள்ள நிறுவனத்திலிருந்துதான் பொருந்தும். இதனால் சிறு உரிமையாளரிடம் பணிபுரியும் ஓட்டுநர் இத்தொகுப்பின் வரம்புக்கு வெளியே நிற்கக்கூடும். எனினும் அவர் முற்றிலும் பாதுகாப்பற்றவர் அல்லர். 2019ஆம் ஆண்டு ஊதியத் தொகுப்பு, தொழிலாளர் எண்ணிக்கையைக் கருதாமல் எல்லா வேலையளிப்போருக்கும் பொருந்துவது. குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்பட்டுள்ள பணியாளர் இயல்பான வேலை நேரத்துக்கு மேல் உழைத்தால், இருமடங்குக்குக் குறையாத ஊதியம் பெற அதன் 14ஆம் பிரிவு வழிசெய்கிறது. சிறு நிறுவன ஓட்டுநர்கள் பற்றிய புகார்களைக் கையாளும் அலுவலர்கள் இப்பிரிவை நினைவில் கொள்வது நலம்.

இருமடங்கின் பொருள்

மிகைநேர வேலைக்கு ஏன் இருமடங்கு ஊதியம்? களைத்த உடலால் செய்யும் உழைப்புக்கு ஈடு என்பது ஒரு காரணம். வேலை நேரத்தை நீட்டுவது வேலையளிப்பவருக்கு எளிதில் கட்டுப்படியாகாதபடி செய்வது மற்றொரு காரணம். கூடுதல் நேரத்துக்கு இருமடங்கு கொடுப்பதைவிட, இன்னொரு ஓட்டுநரை அமர்த்துவது மேல் என்று அவர் எண்ண வேண்டும் என்பதே சட்டத்தின் நோக்கம்.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கணக்கின் எளிமைக்காக, ஓர் ஓட்டுநரின் மாத ஊதியம் 15,600 ரூபாய் என்றும், மாதத்தில் 26 வேலைநாள்கள் என்றும் கொள்வோம். அப்போது நாளொன்றுக்கு 600 ரூபாய். மணிக்கு 75 ரூபாய் ஆகிறது. பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கும் கடன் தவணைக்கும் அக்குடும்பத்துக்கு மாதம் 3,600 ரூபாய் கூடுதலாகத் தேவைப்படுகிறது எனலாம்.

சட்டப்படி இருமடங்கு, அதாவது மணிக்கு 150 ரூபாய் கிடைக்குமாயின், அவர் மாதத்தில் 24 மணி நேரம் கூடுதலாக உழைத்தால் போதும். இது நாளொன்றுக்கு ஏறக்குறைய 55 நிமிடம். மிகைநேர வேலைக்கும் ஒற்றை ஊதியமே தரப்பட்டால், அதே தொகைக்கு 48 மணி நேரம், அதாவது நாளொன்றுக்கு 1 மணி 50 நிமிடம் உழைக்க வேண்டும். ஊதிய விகிதமே பேசாமல், மணிக்கு 40 ரூபாய் அளவில் பேட்டா மட்டும் கையில் கிடைத்தால், 90 மணி நேரம் தேவைப்படும். அது நாளொன்றுக்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரமாகும்.

காலை 9 மணிக்குப் பணி தொடங்கி, ஒரு மணி ஓய்வு போக மாலை 6 மணிக்கு முடிக்க வேண்டிய ஓட்டுநர், முதல் நிலையில் 7 மணி அளவில் வண்டியை விடுவார். இரண்டாம் நிலையில் 8 மணி அளவில் விடுவார். மூன்றாம் நிலையில் ஒன்பதரை ஆகிவிடும். கிடங்கிலிருந்து வீடு சேர ஒரு மணி நேரம் ஆகும் எனில், முதல் நிலையில் 8 மணிக்குப் பிள்ளைகளோடு உண்ணலாம். மூன்றாம் நிலையில் பத்தரை மணிக்கு அவர்கள் உறங்கிய பின்னரே வீடு சேர்வார். மூன்று நிலைகளிலும் குடும்பத்துக்குக் கிடைக்கும் பணம் ஒன்றே. குடும்பம் இழக்கும் நேரம்தான் வேறுபடுகிறது. ஆகவே, இருமடங்கு விதியை நடைமுறைப்படுத்துவது ஊதியப் பாதுகாப்பு மட்டுமன்றிக் குடும்ப நேரத்தின் பாதுகாப்பும் ஆகும்.

எண்ணப்படாத நேரம்

வேலை நேரம் என்பது சக்கரம் சுழலும் நேரம் மட்டுமன்று. வண்டியைப் பொறுப்பேற்றல், சரக்கு ஏற்றி இறக்குதல், பணத்தைக் கட்டி ரசீது பெறுதல், பதிவேட்டில் கையொப்பமிடுதல், வண்டியைப் பராமரித்தல் ஆகியவற்றையும் 1961ஆம் ஆண்டுச் சட்டம் துணை வேலை என்று கூறி, வேலை நேரத்தில் சேர்த்தது. முனையங்களில் 15 நிமிடத்துக்குக் குறைவாகக் காத்திருக்கும் நேரமும் அவ்வாறே சேர்க்கப்பட்டது. 2020ஆம் ஆண்டுத் தொகுப்பும் இதே முறையைப் பின்பற்றுகிறது.

நடைமுறையில் தகராறு எழுவது இங்குதான். துறைமுக வாயிலிலும், மொத்தச் சந்தையிலும், கிடங்கின் முன்பும் ஓட்டுநர் காத்திருக்கும் நேரம் 15 நிமிடத்தோடு முடிவதில்லை. சரக்கு ஏற்றும் வரிசையில் நின்றவர் ஓய்வெடுத்தார் என்று வேலையளிப்பவர் கூறலாம். வண்டியை விட்டு அகல முடியாத நேரம் எப்படி ஓய்வாகும் என்று ஓட்டுநர் கேட்கலாம். வருகைப் பதிவும் வண்டிக் குறிப்பேடும் இல்லாத இடத்தில், இவ்வழக்கில் ஓட்டுநர் பக்கம் சான்று இருப்பதில்லை. டிரிப் கணக்கில் பணம் பெறுபவருக்கோ காத்திருப்பு முழுவதும் அவருடைய சொந்த இழப்பே ஆகும்.

ஜப்பானின் அண்மை அனுபவம் இங்குக் கருதத்தக்கது. அந்நாட்டில் சரக்குந்து ஓட்டுநர்களின் மிகைநேர வேலைக்கு ஆண்டுக்கு 960 மணி என்னும் வரம்பு 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஓட்டுநர் பற்றாக்குறையால் சரக்குகள் தேங்கும் என்று அஞ்சிய அரசு, ஓட்டுநரை மேலும் விரைவுபடுத்த முனையவில்லை. சரக்கு ஏற்றி இறக்கவும் காத்திருக்கவும் ஆகும் நேரத்தை 2 மணிக்குள் அடக்குமாறு சரக்கு உரிமையாளர்களுக்கு நெறிமுறை வகுத்தது. வீணாகும் நேரத்துக்கு அதை வீணாக்குபவரே பொறுப்பேற்க வேண்டும் என்னும் கருத்து இதில் அடங்கியுள்ளது.

குடும்பம் செலுத்தும் விலை

ஓட்டுநர் வீட்டில் இல்லாத நேரத்தின் சுமையை வேறொருவர் சுமக்கிறார். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களை அதில் செலவிடுகின்றனர். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்களே. தண்ணீர் வரும் நேரத்துக்குக் காத்திருந்து பிடித்தல், ரேஷன் கடைக்குச் செல்லுதல், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புதல், முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் ஆகிய அனைத்தும் ஒருவர் தலையிலேயே விழுமாயின், அவர் வெளியே சென்று பொருளீட்டும் வாய்ப்பு குறைகிறது. கணவரின் மிகைநேர ஊதியத்தால் வந்த வரவின் ஒரு பகுதி, மனைவி ஈட்டியிருக்கக்கூடிய வருமானத்தின் இழப்பால் கழிந்துவிடுகிறது. குடும்ப வரவு செலவுக் கணக்கில் இந்த இழப்பு எழுதப்படுவதில்லை.

உடல்நலத்தின் விலையும் சிறிதன்று. உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட கூட்டு ஆய்வு ஒன்று உள்ளது. வாரத்துக்கு 35 முதல் 40 மணி வரை உழைப்பவரோடு ஒப்பிட, 55 மணியும் அதற்கு மேலும் உழைப்பவருக்குப் பக்கவாதம் ஏற்படும் அபாயம் 35 விழுக்காடு அதிகம் என்றும், இதயக் குருதிக்குழாய் நோயால் இறக்கும் அபாயம் 17 விழுக்காடு அதிகம் என்றும் அவ்வாய்வு மதிப்பிட்டது. ஒருவரின் வருவாயையே நம்பியுள்ள குடும்பத்தில் அவர் நோயுற்றால், பல ஆண்டு மிகைநேர ஊதியம் சில வாரங்களில் கரைந்துவிடும். களைப்பும் உறக்கக் குறைவும் சாலையில் பிறருடைய உயிருக்கும் ஆபத்தை விளைவிக்கின்றன.

ஆண்டு விடுமுறையும் இதில் சேர்த்து எண்ணத்தக்கது. 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் ஊதியத்தோடு விடுப்பு உண்டு. ஆண்டில் 240 நாள் உழைத்தவருக்கு இது 12 நாள் ஆகும். மும்பையிலிருந்து திருநெல்வேலிப் பக்கம் செல்ல ரயிலில் ஒரு நாளுக்கும் மேலாகிறது. போகவும் வரவும் ஆகும் நாள்களைக் கழித்தால், பெற்றோருடன் தங்குவதற்கு ஒரு வாரமே எஞ்சும். அந்த விடுப்பும் மறுக்கப்படுமாயின், ஊரில் நடக்கும் திருமணத்துக்கும் துக்கத்துக்கும் சம்பள வெட்டுடன்தான் செல்ல வேண்டியிருக்கும். அந்த வெட்டை ஈடுசெய்ய, திரும்பியதும் மீண்டும் மிகைநேர வேலையை நாட வேண்டிவரும்.

செயலிவழிப் பணியாளர்

மூன்றாம் வகை ஓட்டுநரின் நிலை வேறு. அவர் சட்டத்தின் பார்வையில் வழக்கமான வேலையளிப்பவர்–பணியாளர் உறவுக்கு வெளியே உள்ளவர். எனவே, அவருக்கு 8 மணி வரம்பும் இருமடங்கு ஊதியமும் இல்லை. இத்தனை ஆணைகளை முடித்தால் இவ்வளவு ஊக்கத்தொகை என்னும் ஏற்பாடு இருக்குமிடத்தில், நாளின் கடைசி ஆணைகளே அதிகப் பயன் தருவனவாகத் தோன்றும். வீடு திரும்ப வேண்டிய வேளையில்தான் தொடர்ந்து ஓட்டும் தூண்டுதலும் மிகுகிறது. ஓர் ஆணைக்கும் அடுத்த ஆணைக்கும் இடையே காத்திருக்கும் நேரத்துக்கு ஊதியம் இல்லை.

2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இவர்களை முதன்முறையாகத் தனிப் பிரிவினராக ஏற்றது. செயலி நிறுவனங்கள் தம் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை சமூகப் பாதுகாப்பு நிதிக்கு அளிக்க வேண்டும் என்றும் அது விதித்தது. இப்பங்களிப்பு, பணியாளர்களுக்கு அவை தரும் தொகையில் 5 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது. விபத்துக்கும் நோய்க்கும் முதுமைக்கும் இது துணைபுரியக்கூடும். ஆயினும் வேலை நேரம் பற்றிய வினாவுக்கு இதில் விடை இல்லை.

இதற்கு மகாராஷ்டிரத்திலேயே ஒரு முன்மாதிரி உண்டு. சந்தைகளிலும் கிடங்குகளிலும் மூட்டை சுமக்கும் தொழிலாளர்க்கு நிலையான முதலாளி இல்லை. ஒரே நாளில் பலருக்கு வேலை செய்வர். இவர்களுக்காக 1969இல் மாத்தாடி, ஹமால் முதலிய உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது. அரசும் வேலையளிப்பவர்களும் தொழிலாளர்களும் இடம்பெறும் வாரியங்கள் அமைக்கப்பட்டன. ஊதியமும் அதற்கு மேல் ஒரு தீர்வையும் வாரியத்திடம் செலுத்தப்பட்டு, அதன் வழியே வைப்புநிதி, பணிக்கொடை, விடுப்பு போன்ற பயன்கள் தொழிலாளர்களைச் சேர வழி ஏற்பட்டது. மூட்டையை இறக்கும் ஹமாலுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே கிடைத்த ஏற்பாடு, அந்த மூட்டையைக் கொண்டுவரும் செயலிவழி ஓட்டுநருக்கும் பொருந்தாதா என்பது ஆராயத்தக்கது.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, பணி தொடங்கிய நேரமும் முடிந்த நேரமும், கிடங்கில் காத்திருந்த நேரமும் எழுத்தில் பதிவாதல் வேண்டும். இன்று பல சரக்கு வண்டிகளின் நடமாட்டம் கருவிகளால் கண்காணிக்கப்படுகிறது. சரக்கு எங்குள்ளது என்று அறியப் பயன்படும் அதே பதிவு, ஓட்டுநரின் வேலை நேரத்துக்கும் சான்றாகப் பயன்படலாம். அதன் படி ஓட்டுநருக்கும் கிடைக்குமாறு செய்தல் வேண்டும்.

இரண்டாவதாக, ஊதியச் சீட்டில் மிகைநேரம் தனியாகக் காட்டப்படுதல் வேண்டும். பேட்டாவும் மிகைநேர ஊதியமும் ஒன்றல்ல. பேட்டா வழிச்செலவுக்கு உரியது. அதைக் கொடுத்துவிட்டு இருமடங்கு ஊதியத்தைக் கொடுத்ததாகக் கணக்கிடுவதை ஆய்வு அலுவலர்கள் ஏற்கலாகாது.

மூன்றாவதாக, சட்டம் பற்றிய செய்தி ஓட்டுநர்களுக்கு அவர்கள் அறிந்த மொழியில் சென்றடைய வேண்டும். மராத்தியிலும் இந்தியிலும் மட்டுமன்றித் தமிழிலும் எளிய விளக்கத் தாள்கள் சீத்தா கேம்ப், தாராவி போன்ற இடங்களில் வழங்கப்படுவது பயன் தரும். அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக 2021இல் தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் பதிவுக்கான முகாம்களை, ஓட்டுநர்கள் வீட்டிலிருக்கும் நேரம் பார்த்து நடத்தலாம்.

நான்காவதாக, குடும்பமும் தன் கணக்கைத் திறந்து பார்க்க வேண்டியுள்ளது. எவ்வளவு கூடுதல் பணம் தேவை, அது எத்தனை மாதத்துக்குத் தேவை என்பதைக் கணவனும் மனைவியும் சேர்ந்து வரையறுத்துக்கொண்டால், கடன் தீர்ந்த பின்னும் மிகைநேர வேலை பழக்கமாகத் தொடர்வதைத் தவிர்க்கலாம். வார விடுமுறை நாளை விற்காமல் காப்பது இவ்வரையறையின் முதல் படியாகும்.

எனினும், குடும்பத்தின் சிக்கனமும் ஓட்டுநரின் மனவுறுதியும் மட்டும் இப்பிரச்சினையைத் தீர்த்துவிட இயலா. 8 மணி நேர உழைப்பின் ஊதியம் குடும்பத்தின் இன்றியமையாத் தேவைகளுக்குப் போதாத இடத்தில், மிகைநேர வேலைக்குத் தொழிலாளி தரும் இசைவு பெயரளவிலானதே. குறைந்தபட்ச ஊதியத்தை உரிய காலத்தில் திருத்துவதும், இருமடங்கு விதியைச் சிறு நிறுவனங்களிலும் நிலைநாட்டுவதும், செயலிவழிப் பணியாளரின் காத்திருப்பு நேரத்துக்கு ஒரு மதிப்பு வகுப்பதும் அரசின் கடமைகள். இவற்றை நிறைவேற்றும் பொறுப்பு மாநிலத் தொழிலாளர் துறைகளிடம் பெரிதும் உள்ளது. புதிய தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ள இத்தருணத்தில், சிறு போக்குவரத்து நிறுவனங்களின் ஊதியச் சீட்டுகளை ஆய்வதிலிருந்து அப்பணியைத் தொடங்கலாம்.